கடைமடைக்கும் வரணும்

போன வாரம் அறந்தாங்கியில ஒரு காதுகுத்து. பந்தியில பக்கத்து இலைக்காரர் (நெருங்கின சொந்தம், அதனால உறவுமுறையைச் சொல்லாம விடுறேன்) பாயசம் ஊத்தும்போதே ஆரம்பிச்சுட்டார்.

"ஒரு லட்சத்து முப்பத்தொம்பதாயிரம் கோடியாம்! ஊர் ஊருக்கு ஃபைபர் இழுக்கப் போறாங்களாம். எதுக்கு? எல்லாரும் ரீல்ஸ் பாக்கவா? அதான் போன்லயே நெட் வருதே!"

எனக்கு அதுக்கப்புறம் பாயசம் இறங்கல.

அவரு சென்னையில இருக்கார். வீட்டு வாசல் கம்பத்துல மூணு கம்பெனியோட ஃபைபர் சுருட்டிக் கிடக்கும். ஒண்ணு சரியில்லைன்னா இன்னொண்ணு. எங்க ஊர்ல நாலு வருஷம் நான் பட்ட பாடு அவருக்குத் தெரிய வாய்ப்பில்ல. அங்கயே சொல்லியிருப்பேன், ஆனா விசேஷ வீட்டுல குரலை உயர்த்த வேண்டாம்னு பேசாம கை கழுவிட்டு வந்துட்டேன். அங்க சொல்லாததை இங்க சொல்லிடுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

எங்க ஊர் கல்லணைக் கால்வாயோட வால் பக்கம். தஞ்சாவூர்ல இன்னும் இதைப் புது ஆறுன்னுதான் சொல்லுவாங்க. 1934-ல மேட்டூர் அணை கட்டி முடிச்சப்ப, அந்தத் திட்டத்தோட சேர்த்து வெட்டின கால்வாய். கல்லணையில பிரிஞ்சு கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் ஓடி, எங்க புதுக்கோட்டை மாவட்டத்துக் கண்மாய்கள்ல வந்து முடியுது. நாங்க கடைமடை. ஜூன் 12-ந் தேதி மேட்டூர்ல தண்ணி திறந்துட்டாங்கன்னு டிவியில பூ தூவிக் காட்டுவாங்க. எங்க மதகுக்கு அது வந்து சேர எத்தனை வாரம் ஆகும்னு யாருக்கும் உறுதியா தெரியாது.

எங்க மாமா (வீட்டுக்காரரோட அப்பா) பொதுப்பணித்துறையில லஸ்கரா இருந்து ரிட்டயர் ஆனவர். லஸ்கர்னா தெரியாதவங்களுக்குச் சொல்றேன். கரையோரமா நடந்து, ஷட்டரை ஏத்தி இறக்கி, எங்க உடைப்பு, எங்க அடைப்புன்னு பாத்துத் தண்ணியைக் கடைசி வயல் வரைக்கும் கொண்டு சேர்க்கிறவங்க. 31 வருஷம் அந்தக் கரையில நடந்த கால் அவருக்கு. இந்த ஃபைபர் விவகாரத்தை எனக்குப் புரிய வச்சதே அவருதான்.

நான் 2021-ல இங்க வந்தேன். அத்தைக்கு முட்டி ஆபரேஷன், கூட ஆள் வேணும். நான் பாக்கிறது கணக்கு வேலை. திருச்சியிலயும் புதுக்கோட்டையிலயும் 11 கடைக்கு ஜிஎஸ்டி தாக்கல் பண்றேன். எங்க இருந்தும் செய்யலாம், நெட் இருந்தா போதும்னு நம்பித்தான் மூட்டை கட்டினேன்.

மாசா மாசம் 20-ந் தேதிக்குள்ள ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் தாக்கல் பண்ணியாகணும். ஒரு நாள் தாண்டினாலும் தாமதக் கட்டணம். அதைக் கடைக்காரர் கட்டணும், பதில் நான் சொல்லணும்.

வந்த முதல் மாசம், 19-ந் தேதி ராத்திரி. போன்ல ரெண்டு கோடு காட்டுது. ஹாட்ஸ்பாட் போட்டா வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. எங்களுக்கு டவர் ஒண்ணே ஒண்ணு, நாலு ஊருக்குப் பொது. ஏழு மணிக்கு மேல நாலு ஊர் ஜனமும் அதுலதான். ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லாரும் தூங்கின பிறகுதான் பக்கம் திறந்துச்சு. (அந்த மாசம் தப்பிச்சேன்.)

அப்புறம் என்னென்னவோ பண்ணிப் பாத்தேன்.

மாடியில உட்காந்தேன். மதியம் லேப்டாப் சூடாகி அணைஞ்சு போச்சு.

கண்மாய்க் கரையில சிக்னல் நல்லா இருக்கும்னாங்க. நிஜமாவே இருந்துச்சு. ஆனா மடியில லேப்டாப்பை வச்சுக்கிட்டு ஆலமரத்தடியில எத்தனை நாள் உட்கார முடியும்? மழை பெய்ஞ்சா?

போனை மஞ்சப்பையில போட்டு, ஹாட்ஸ்பாட்டை ஆன் பண்ணி, கயிறு கட்டி வேப்பமரத்துக் கிளைக்கு ஏத்தினேன். பக்கத்து வீட்டுப் பிளஸ் டூ பொண்ணு சொன்ன யோசனை அது. அபாரமா வேலை செஞ்சுச்சு! எட்டு மாசம் அந்த மஞ்சப்பைதான் எங்களுக்கு டவர். அவ நீட் மாக் டெஸ்ட் எழுதினது, நான் ரிட்டர்ன் போட்டது எல்லாம் அதை நம்பித்தான். நல்லா காத்தடிச்சா மட்டும் ரெண்டு பேரும் வேலையை நிறுத்திட்டு மரத்தை அண்ணாந்து பாத்துக்கிட்டு நிப்போம்.

ஒருத்தர் பூஸ்டர் வாங்கி மாட்டுங்கன்னார். விசாரிச்சேன். அனுமதியில்லாம அதை மாட்டுறது சட்டப்படி குத்தம். அதோட, நம்ம வீட்டுக்குச் சிக்னலை இழுக்கப்போய் அக்கம்பக்கத்துச் சிக்னலைக் கெடுத்துடும். வேண்டாம்னுட்டேன்.

சரி, ஃபைபரே போட்டுடலாம்னு ஒரு தனியார் கம்பெனிக்குப் போன் பண்ணேன். மெயின் ரோட்டோரம் அவங்க கேபிள் போகுது. எங்க தெருவுக்கும் அதுக்கும் 2.8 கிலோமீட்டர். "உங்க ஏரியா ஃபீசிபிள் இல்ல மேடம்." முப்பது கனெக்‌ஷன் உறுதியா கிடைச்சா யோசிப்போம்னாங்க. வீடு வீடா ஏறி இறங்கி 22 பேரைச் சேர்த்தேன். எட்டு குறைஞ்சுச்சு. அதோட முடிஞ்சது.

நான் அவங்களைத் திட்டல. அவங்க கணக்கு அவங்களுக்குச் சரி. 2.8 கிலோமீட்டர் கேபிள், கம்பம், ஆள் கூலி எல்லாம் போட்டு 22 வீட்டுல மாசம் நானூறு ஐநூறு வாங்கினா முதல் என்னைக்குத் திரும்பும்? கணக்கு எழுதுற நானே அந்த இடத்துல இருந்தாலும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்.

விஷயமே அதுதானே. லாபக் கணக்கு போட்டா கடைமடைக்கு எதுவுமே வராது. தண்ணி வந்திருக்காது. கரண்டு வந்திருக்காது. 1957-ல மின்சார வாரியம்னு ஒண்ணை அமைச்சு, ஊர் ஊரா கம்பம் நட்டாங்களே, ஒவ்வொரு கம்பத்துக்கும் வருமானம் எவ்வளவுன்னு கேட்டுட்டா நட்டாங்க? பம்புசெட்டு ஓடட்டும், விளைச்சல் பெருகட்டும்னு நட்டாங்க. அந்த வருமானம் மின்சாரக் கணக்குல தெரியாது. நெல்லுல, பருத்தியில, படிச்சு வெளியில போன பிள்ளைங்க சம்பளத்துல தெரியும்.

கஜா புயலை இங்க யாரும் மறக்க மாட்டாங்க. 2018 நவம்பர் 16. டெல்டாவுலயும் எங்க மாவட்டத்துலயும் லட்சத்துக்கு மேல மின்கம்பம் சாஞ்சு போச்சு. எங்க ஊருக்குக் கரண்டு வர 24 நாள் ஆச்சுன்னு அத்தை சொல்லுவாங்க. ஆனா வந்துச்சு. வெளி மாவட்டத்துல இருந்து, கேரளாவுல இருந்தெல்லாம் லைன்மேன்கள் வந்து, சேத்துல இறங்கி, வயலுக்கு நடுவுல கம்பத்தைத் தோள்ல சுமந்துட்டுப் போய் நட்டாங்க. தனியா கொல்லையில இருக்கிற ஒத்தை வீடு வரைக்கும். அந்த ஒத்தை வீட்டுல மாசம் என்ன பில் வரும்? அப்படி வந்தது வாரியம்ங்கிறதாலதான். சட்டமும் பொறுப்பும் அதை விடாது.

இப்ப அந்த ஒரு லட்சத்து முப்பத்தொம்பதாயிரம் கோடிக்கு வரேன்.

2011 அக்டோபர்ல மத்திய அரசு தேசிய ஆப்டிகல் ஃபைபர் நெட்வொர்க்னு ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்துச்சு. நாட்டுல இருக்கிற ரெண்டரை லட்சம் கிராமப் பஞ்சாயத்துக்கும் ஃபைபர். பட்ஜெட் சுமார் 20,000 கோடி, ரெண்டே வருஷம்னாங்க. நடக்கல. 2015-ல பாரத்நெட்னு பேரை மாத்தினாங்க. முதல் கட்டமா ஒரு லட்சம் பஞ்சாயத்து முடிஞ்சதே 2017 டிசம்பர்லதான். மொத்தத் திட்டச் செலவு 42,068 கோடின்னு ஆச்சு. 2023 ஆகஸ்ட்ல மறுபடி திருத்தி ஒப்புதல் கொடுத்த தொகைதான் 1,39,579 கோடி.

பந்தியில அவரு சொன்ன தொகை தப்பில்ல. அதை வகுத்துப் பாக்கலை, அவ்வளவுதான். 2.64 லட்சம் பஞ்சாயத்துக்கு வகுத்தா ஒண்ணுக்குச் சுமார் 53 லட்சம். பத்து வருஷப் பராமரிப்பும் அதுல அடக்கம். எங்க ஊர் ரோடு போட்டப்ப முனையில வச்ச போர்டு இன்னும் நிக்குது: 1.9 கிலோமீட்டர், 1 கோடியே 12 லட்சம். அந்த ரோட்டுல ஒரு கிலோமீட்டருக்கான காசுக்குள்ள ஒரு பஞ்சாயத்துக்கு ஃபைபர் வந்துடுது. ரோட்டை எதுக்கு, வண்டியில சினிமாவுக்குப் போகவான்னு யாராவது கேட்டாங்களா?

இன்னொண்ணும் இருக்கு. இந்தக் காசு எங்கிருந்து வருது? 2002-ல இருந்து டெலிபோன் கம்பெனிங்க வருமானத்துல நூத்துக்கு அஞ்சு ரூபா ஒரு நிதிக்குப் போகுது. எல்லாருக்கும் தொலைத்தொடர்பு கிடைக்கணும்னு வச்ச நிதி. (இப்ப அதுக்குப் பேரு டிஜிட்டல் பாரத் நிதி.) கம்பெனி வருமானம்னா நீங்களும் நானும் ரீசார்ஜ் பண்ணின காசுதானே. எங்க ஊர்ல ஆடு மேய்க்கிற அப்பத்தா கூட இருபது வருஷமா அதுல பங்கு போட்டுட்டு வருது. அது வீட்டு வாசலுக்கு வர வேண்டியது வந்தே ஆகணும்.

ஆனா "அரசாங்கம் போடணும்"னு மட்டும் சொல்லிட்டு நான் நிறுத்த மாட்டேன். முதல்ல போட்டது ஏன் பல ஊர்ல பயன்படாம கிடக்குதுன்னு கேக்கணும்.

ஒரு நாள் சாயங்காலம் திண்ணையில உட்காந்து மாமாகிட்ட இந்தத் திட்டத்தைப் பத்திப் படிச்சுக் காட்டினேன். பழைய டிசைன்ல கேபிள் ஒரே நேர்கோடா போகும் மாமா, ஒன்றிய ஆபீஸ்ல இருந்து முதல் பஞ்சாயத்து, அங்கிருந்து ரெண்டாவது, மூணாவது. நடுவுல ஒரு ஜேசிபி வெட்டிட்டா அதுக்குக் கீழ இருக்கிற எல்லா ஊரும் போச்சு.

மாமா சிரிச்சார். "இது வாய்க்காம்மா. தலைமடையில உடைஞ்சா கடைமடை காயும். இதுக்கு எதுக்கு இஞ்சினியரு?"

இப்பத் திருத்தின திட்டத்துல வளையமா போடுறாங்க, ஒரு பக்கம் அறுந்தா இன்னொரு பக்கம் வழியா வரும்னேன்.

"அது சரி. கரையில நடக்குறது யாரு?"

அந்தக் கேள்விக்கு என்கிட்ட சட்டுனு பதில் இல்ல. பதினாலு வருஷக் கதையோட கோளாறு மொத்தமும் அதுக்குள்ள இருக்கு. எத்தனை கிலோமீட்டர் பதிச்சோம், எத்தனை பஞ்சாயத்துல பெட்டி வச்சோம்னு எண்ணினாங்க. அந்தப் பெட்டியில இருந்து எத்தனை வீட்டுக்குப் போச்சு, இன்னைக்குக் காலையில வேலை செய்யுதா, அறுந்தா யார் வந்து ஒட்டுவாங்க? அதை எண்ணல. வாய்க்காலை வெட்டி ஊர் எல்லையில விட்டுட்டு, வயலுக்கு மடை திறக்காம போன மாதிரி.

நம்ம மாநிலத்துலயே இது மாதிரி முன்ன நடந்திருக்கு. 2001-ல மேலூர் பக்கம் ஐஐடி மெட்ராஸும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஊர் ஊரா இன்டர்நெட் கியாஸ்க் வச்சாங்க. கம்பியில்லாம, நம்ம ஆட்களே உருவாக்கின கார்டெக்ட் தொழில்நுட்பம். உலகமே வந்து பாத்துச்சு. கொஞ்ச வருஷத்துல பெரும்பாலான கியாஸ்க் மூடிப்போச்சு. தொழில்நுட்பம் நல்லாத்தான் இருந்துச்சு. தொடர்ந்து காசும் ஆளும் இல்ல.

பாதியில நிறுத்துறதுக்கு ஆஸ்திரேலியாவை விடப் பெரிய பாடம் கிடையாது. 2009-ல கெவின் ரட் அரசாங்கம் 90 சதவீத வீட்டுக்கு நேரடியா ஃபைபர்னு அறிவிச்சுச்சு. 2013-ல ஆட்சி மாறினதும் செலவைக் குறைக்கிறோம்னு, நிறைய இடத்துல தெருமுனைப் பெட்டி வரைக்கும்தான் ஃபைபர், அங்கிருந்து வீட்டுக்குப் பழைய செம்புக் கம்பி போதும்னுட்டாங்க. 2020-ல அதே கட்சி ஆட்சியே, சரி, அந்த வீடுகளுக்கும் ஃபைபர் கொடுக்கிறோம்னு மறுபடி காசு ஒதுக்குச்சு. ரெண்டு தடவை செலவு. கடைசித் துண்டுல மிச்சம் பிடிச்சா இதுதான் கதி.

இங்க மட்டும் என்ன. தமிழ்நாட்டுல 12,525 பஞ்சாயத்துக்கும் பாரத்நெட்டைக் கொண்டு போக 2018-ல தமிழ்நாடு ஃபைபர்நெட் கார்ப்பரேஷன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. 2020-ல டெண்டர் சர்ச்சையாகி, மத்திய அரசு ரத்து பண்ணச் சொல்லி, மறுபடி முதல்ல இருந்து. விதிமுறை சரியா இருக்கணும், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா அது எந்த வருஷம்னு பாருங்க. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த வருஷம். நகரத்துப் பிள்ளைங்க கம்ப்யூட்டர் முன்னாடி உட்காந்து டீச்சர்கிட்ட சந்தேகம் கேட்டுச்சு. எங்க ஊர்ப் பிள்ளைங்க கல்வித் தொலைக்காட்சி பாத்துச்சு. டிவிகிட்ட சந்தேகம் கேக்க முடியாது. அந்த வருஷத்தை அந்தப் பிள்ளைங்களுக்கு யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. மஞ்சப்பை யோசனை சொன்ன பொண்ணு அப்ப பத்தாவது.

கேரளாவுல ஹைகோர்ட்டு 2019-லயே இன்டர்நெட்டைக் கல்வி உரிமையோட சேர்ந்த ஒண்ணுன்னு சொல்லிடுச்சு. 2023 ஜூன்ல கே-ஃபோன்ங்கிற அரசாங்க ஃபைபர் திட்டத்தைத் தொடங்கினப்ப, ஏழைக் குடும்பம் 20 லட்சத்துக்கு இலவசம்ங்கிறதை இலக்கா வச்சாங்க. அந்த இலக்கு பெரிசு, வேலை மெதுவாத்தான் நகருது. ஆனாலும் எதைக் குறிவச்சாங்கன்னு பாருங்க: வீட்டை.

எங்க கதைக்கு வரேன்.

மெயின் ரோட்டுல கேபிள் டிவி நடத்துற அண்ணன் ஒருத்தர் இருக்கார். ஊர்ல யார் வீட்டு டிவி எப்ப மங்கும்னு தெரிஞ்சவர். போன வருஷம் அவரு வந்து, "பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் கவர்மென்ட் ஃபைபர் வந்திருச்சு தங்கச்சி. அதை எடுத்து நான் வீட்டுக்கு இழுக்கலாம், வருமானத்துல எனக்குப் பங்குங்கிறாங்க. நீ சேர்த்து வச்ச அந்த 22 பேரு இன்னும் இருக்காங்களா?"ன்னு கேட்டார்.

இருந்தாங்க! 29 ஆகியிருந்தாங்க.

ஊருக்குள்ள ஏற்கெனவே அவரு கேபிள் போற கம்பம்தான். ஏணி, கிளாம்ப், சுருளா டிராப் கேபிள். நாலு நாள்ல இழுத்துட்டார். தலைமுடி மொத்தத்துல ஒரு கண்ணாடி இழை. அதை 32 வீட்டுக்குப் பிரிக்கலாமாம். 20 கிலோமீட்டர் வரைக்கும் நடுவுல கரண்டே வேண்டாமாம். வெறும் வெளிச்சம்தான் ஓடுது. மாமா அந்த இழை முனையை உள்ளங்கையில வச்சு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தார்.

பெட்டியில சிவப்பு லைட் அணைஞ்சு பச்சை எரிஞ்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அந்த மாசம் 11 கடைக்கும் 14-ந் தேதியே தாக்கல் முடிச்சேன்.

மூணாவது மாசம் ஒரு டிராக்டர்ல ஏத்தின வைக்கோல் கேபிளை அறுத்துட்டுப் போயிடுச்சு. சிவப்பு லைட். அண்ணனுக்குப் போன் போட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு ஸ்ப்ளைசிங் மிஷினைத் தூக்கிட்டு வந்தார். பக்கத்து வீட்டுப் பொண்ணு டார்ச் பிடிக்க, ரோட்டுல சாக்கு விரிச்சு உட்காந்து இழையைச் சீவி, துடைச்சு, ஒட்டினார். ஒன்பதே காலுக்குப் பச்சை. எங்கயோ ஒரு நகரத்து கால் சென்டர்ல புகார் நம்பர் வாங்கிட்டுக் காத்திருந்தா அன்னைக்கு வந்திருக்குமா?

திண்ணையில இருந்து அதைப் பாத்த மாமா சொன்னார், "இவன்தான் லஸ்கரு."

அதனால என் கட்சி இதுதான். குழாயை அரசாங்கம் போடட்டும், அரசாங்கம்கிட்டயே இருக்கட்டும். அதுல ஓட்டுறதுக்கு யார் வேணா வரட்டும், தனியாரும் வரட்டும். வீட்டுக்கு இழுக்கிறதையும் ஒட்டுறதையும் அந்தந்த ஊர்க் கேபிள்காரர்கிட்ட கொடுத்து, அவருக்கு மாசா மாசம் பங்கு தவறாம போகட்டும். பத்து வருஷப் பராமரிப்புப் பணம் காகிதத்துல இருக்கு. அது இந்த ஏணிக்காரங்க கைக்கு நேரத்துக்கு வந்து சேரணும், அதான் எனக்கு இருக்கிற ஒரே பயம்.

(5ஜி வந்துடும், செயற்கைக்கோள் வந்துடும், ஃபைபர் எதுக்குங்கிறவங்களுக்கு: அந்த 5ஜி டவருக்கே ஃபைபர் வேணும். வானத்துல இருந்து வர்றதுக்கு எங்க ஊர்ல யாரும் அந்த விலை கொடுக்க முடியாது. கண்ணாடி இழையைப் புதுசா மாத்த வேண்டியதில்ல, ரெண்டு முனையிலயும் இருக்கிற பெட்டியை மாத்தினா வேகம் கூடிடும்.)

இப்ப 41 வீட்டுல பச்சை எரியுது. கிழக்குத் தெருவுல அஞ்சு வீடு பாக்கி. அங்க கம்பமே இல்ல. அக்டோபர் 2 கிராம சபையில கொடுக்க மனு எழுதிட்டேன். அந்த அஞ்சு வீட்டுக்கும் கம்பம் வேணும், பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கனெக்‌ஷன் வேணும்னு கேட்டிருக்கேன்.

நேத்து மாமாகிட்ட படிச்சுக் காட்டினேன். கண்ணாடியைக் கழட்டாம முழுசும் கேட்டுட்டு, பேனாவை வாங்கி, கடைசியில அவரு கையெழுத்துல ஒரு வரி சேர்த்தார்.

"மேற்படி கேபிளைப் பார்த்துக்கொள்ள உள்ளூர் நபர் ஒருவரை நியமித்து, அவருக்கு மாதந்தோறும் ஊதியம் வழங்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்."